சாய்ந்தவன் மலையும் ஹவ்னெஸ் வீட்டுக் கட்டிலும்

ஹவ்னெஸ் வீட்டு இரட்டைக் கட்டில் 2007 செப்டம்பருக்கும் 2018 அக்டோபருக்கும் இடையே இருபத்தொரு மீட்டர் அகலமாயிற்று. வாங்கும்போது அதன் அகலம் ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். பிர்ச் மரத்தில் செய்தது, வேலைப்பாடு ஏதுமில்லாதது, தூர்கில்ஸுக்கும் குன்வோருக்கும் கல்யாணமான வருஷம் நகரத்திலிருந்து மீன்படகில் வந்து இறங்கியது. வீடு கரையிலிருந்து முப்பது காலடித் தூரத்தில் இருந்தது. எங்கள் ஸ்கார்விக்கில் அப்போது இருபத்துமூன்று வீடுகள், அறுபத்தொரு பேர். மலைகளுக்கு நடுவே கடல் ஒடுங்கி நுழையும் ஃபியோர்டின் மேற்குக் கரையில், மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடைத்த பச்சைத் துண்டில் ஒட்டிக்கொண்டிருந்தோம். தெற்கே மூன்று கிலோமீட்டரில் நிற்கும் மலைக்குச் சாய்ந்தவன் என்று பெயர். ஆயிரத்து நூறு மீட்டர் உயரத்திலிருந்து கடலை எட்டிப் பார்க்கிறவன் மாதிரி இருப்பான். அவன் முதுகில் ஒரு பிளவு. 1911இல் அவனுடைய தோளில் ஒரு பாளம் கழன்று தண்ணீரில் விழுந்தபோது எழுந்த அலை எங்கள் ஊரில் பதினேழு பேரைக் கொண்டுபோயிற்று. மிச்சமும் ஒருநாள் விழும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். எந்த நாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

தூர்கில்ஸ், குன்வோர் தம்பதிக்கு ஒரே பிள்ளை, சீவர்ட். கோடை முழுக்க மேலே மேய்ந்த ஆடுகளை செப்டம்பரில் கீழே ஓட்டி வருவோம். அந்த வருஷம் ஆடுகளைப் பட்டியில் அடைத்த அன்று மத்தியானம் ஒன்று குறைந்தது. தூர்கில்ஸ் மகனை மேலே போய்ப் பார்த்துவரச் சொன்னார். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வயதுப் பையன், பாதையெல்லாம் காலுக்குப் பழக்கம், ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே போனான். திரும்பவில்லை. மறுநாள் அவனுடைய தொப்பி பிளவின் வெளிப்பக்க விளிம்பில், கடலைப் பார்த்த பக்கத்தில் கிடைத்தது. மீட்புக் குழு ஆறு நாள் கயிறு கட்டி இறங்கியது. நாற்பது மீட்டருக்குக் கீழே வெயிலே பார்க்காத பழைய பனிக்கட்டியும் இருட்டும்தான் இருந்தன. ஏழாம் நாள் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தார்கள். மூடுபனியில் பிள்ளையை அனுப்பியவர் என்று ஊர் தூர்கில்ஸைப் பற்றிப் பேசியது. அவர் எதிரில் பேசவில்லை, ஆனால் அவர் கடைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவரும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கட்டில் நகரத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். முதலில் மெத்தையின் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. நூல் எதுவும் அறவில்லை, பஞ்சு வெளியே வரவில்லை, பிசைந்த மாவு பிரிகிற மாதிரி பிரிந்துகொண்டே வந்தது. குன்வோர் படுத்த பாதி இருந்த இடத்திலேயே இருந்தது. தூர்கில்ஸ் படுத்த பாதி கிழக்காக, கடல் பக்கமாகப் போயிற்று. குன்வோர் புத்தாண்டு காலையில் தரைப்பலகையில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பன்னிரண்டு மில்லிமீட்டர். அடுத்த புத்தாண்டில் இன்னொரு கோடு. கடை வைத்திருந்த ஆமுண்ட் தன் மைத்துனர்கள் மூவரோடு வந்து, அந்தப் பாதியைத் தள்ளி ஒட்டவைக்கப் பார்த்தான். பாறையைத் தள்ளுவது போலத்தான் இருந்தது. நான்கு பேரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காபி குடித்தார்கள். "புதுக் கட்டில் ஒண்ணு வாங்கிப் போட்டுரு தூர்கில்ஸ், இது வேலைக்காவாது," என்றான் ஆமுண்ட். தூர்கில்ஸ், "அவன் வெளிப்பக்கம் இருக்கான். நானும் வெளிப்பக்கமே படுத்துக்கிறேன்," என்றார். அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினார்கள், டீசலைப் பற்றிப் பேசினார்கள், ஆட்டுக் குளம்பு வெட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. இருவருக்கும் ஒரே கம்பளிப் போர்வை. இடைவெளி கூடக்கூட குளிர் நடுவில் புகுந்தது. அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் குன்வோர் ஒரு பட்டை பின்னி நடுவில் சேர்த்துத் தைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, பழுப்பில் ஒன்று, சாயமேற்றாத வெள்ளையில் ஒன்று. 2014 வாக்கில் இருவரும் கையை நீட்டினாலும் விரல்கள் தொடவில்லை என்று அவளே ஒருமுறை ஆமுண்டின் கடையில் சொன்னாள், மாவு விலை ஏறிவிட்டது என்று சொல்கிற குரலில். 2016 மார்ச்சில் தூர்கில்ஸின் பாதி சுவரை முட்டியது. சுவர் விரிசல் விடுவதற்குள் பலகைகளை அறுத்து வழிவிட்டார்கள். கொஞ்சநாள் அது பாதி அறைக்குள்ளும் பாதி புல்வெளியிலும் இருந்தது. பிறகு முழுசாக வெளியே போயிற்று. தூர்கில்ஸ் அதன்மேல் நான்கு கம்பு நட்டு, படகுக்குப் போடும் தார்ப்பாயைக் கட்டினார். அன்று குன்வோர் பெரிய கத்தரிக்கோலை எடுத்துப் போர்வையை இரண்டாக வெட்டினாள். பின்னிச் சேர்த்த பட்டைகளெல்லாம் அவர் பக்கம் போயின. அவள் பழைய துண்டை வைத்துக்கொண்டாள். சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கவில்லை. ஒரு ஆட்டுத்தோலைத் தொங்கவிட்டாள்.

இங்குன் எங்கள் ஊருக்கு வந்தது 2011 கோடையில். மலையைக் கண்காணிக்கும் அலுவலகம் அனுப்பிய பாறையியல் பெண். முப்பது வயதிருக்கும், இடது கண் சற்று மேலே பார்க்கும், யார் வீட்டில் எது கொடுத்தாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள். அவளுக்கு முன்னால் வந்தவர்கள் பிளவின் இரு பக்கமும் இரும்பு ஆணி அடித்து வருஷத்துக்கொரு முறை இடைவெளியை அளந்துபோனார்கள். இவள் கம்பி, கண்ணாடி, கரைக்கு எதிரே ரேடார் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். ஹவ்னெஸ் வீட்டு மாடி அறையில் வாடகைக்குத் தங்கினாள். இரண்டாம் வாரம் படுக்கையறைக் கதவு திறந்திருந்தபோது தரையில் பென்சில் கோடுகளைப் பார்த்தாள்.

"இது எப்பலேருந்து இப்படி நகருது?" என்று கேட்டாள்.

"பையன் போனதுலேருந்து," என்றாள் குன்வோர். "புத்தாண்டுக்குப் புத்தாண்டு கோடு போட்டு வெச்சிருக்கேன். ஏன், கட்டிலு கூட உங்க ஆபீஸ் கணக்குல வருதா?"

இங்குன் மண்டியிட்டு அளவுநாடாவை வைத்தாள். நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். பையிலிருந்து மலையின் தாளை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, ஐம்பத்திரண்டு. மூன்று தடவை அளந்தபின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குன்வோர் காபி வேண்டுமா என்று கேட்டாள். இங்குன் வேண்டும் என்றாள். அன்றிலிருந்து அவளிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று அலுவலகத்துக்கு. இன்னொன்று நீல அட்டை போட்டது, கட்டிலுக்கு. பனி பொழிந்து ரேடார் குருடாகிற வாரங்களில் நீல நோட்டிலிருந்து எண்ணைப் பார்த்து, மலையின் தாளில் பென்சிலால் 'உத்தேசம்' என்று குறித்துவைப்பாள். வானம் தெளிந்து கருவி கண் திறக்கும்போது அந்த உத்தேசம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பியிருக்காது.

ஒரு காலை, ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிப் போட்டுக்கொண்டிருந்த தூர்கில்ஸ் அவளிடம், "எப்ப வுழும்னு எப்படிக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டார். மலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. இங்குன் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள்.

"ஒரு மில்லிமீட்டர் போக மலைக்கு எத்தினி நேரம் ஆவுதுன்னு கணக்கெடுக்கிறேன். மொதல்ல பத்து நாள் ஆச்சு. அப்புறம் அஞ்சு நாள். அப்புறம் ரெண்டு. இந்தக் கோடு சரிஞ்சுகிட்டே வருது பாருங்க. இது கீழ தரையைத் தொடுதுல்ல, அந்த நாளுதான்."

"தொடாமலே போனா?"

"பாதியில நின்னு போறதும் உண்டு. குளிர் வந்தா தண்ணி ஒறைஞ்சு மலை மெதுவாயிடும். மழை வந்தா மறுபடி ஓடும். அதனாலதான் வாயத் தொறந்து தேதி சொல்ல முடியல."

தூர்கில்ஸ் தாளைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்சநேரம் பார்த்தார். "வுழும்போது உள்ள இருக்கிறதும் வெளிய வருமா?" என்றார். இங்குன் பென்சிலைக் கீழே வைத்தாள். அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போனார்.

2014க்கும் 2018க்கும் இடையே எங்களை ஒன்பது தடவை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். மழை தொடர்ந்து பெய்தால் மலை வேகமெடுக்கும், கைபேசிகளெல்லாம் ஒன்றாக அலறும், ஊதல் ஊதும், நாங்கள் துணிமூட்டையோடும் நாய்களோடும் படகேறி நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஓட்டலில் போய் உட்காருவோம். ஒரு தடவை மூன்று நாள், ஒரு தடவை ஐந்து வாரம். ஓட்டல்காரர்கள் முதல் தடவை கேக் வைத்தார்கள். நான்காவது தடவை சூப் மட்டும். மலை விழாது. திரும்பிவந்தால் வீட்டில் குழாய் உறைந்து வெடித்திருக்கும், கோழிகளை நரி இழுத்துப்போயிருக்கும். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிள்ளைகள் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகரத்துக்குப் போயின. ஒன்பதாவது தடவைக்குப் பிறகு நாங்கள் முப்பத்தெட்டுப் பேர் மிஞ்சினோம். ஆமுண்ட் தன் கடை வாசலில் நின்று, தெற்கே பார்த்து, "மலை வுழுதோ இல்லையோ, நம்ம பொழப்பு ஒம்போது தடவ வுழுந்தாச்சு," என்பான். இங்குனைக் கண்டால், "என்னம்மா, இன்னிக்கு ஒங்க மாமா எழுந்திரிச்சாரா, இன்னும் சாஞ்சுகிட்டுத்தான் இருக்காரா?" என்று சீண்டுவான். அவள் சிரிக்கமாட்டாள். பதிலுக்கு அவன் கடையில் ஏதாவது வாங்குவாள்.

இந்த ஒன்பது தடவையும் தூர்கில்ஸ் மட்டும் போகவில்லை. காவலர் வந்து கூப்பிட்டபோது, கட்டில் இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்கிறது என்றார். காவலர் கட்டிலைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், குறிப்பேட்டை மூடிக்கொண்டு போனார். குன்வோரும் போகவில்லை. அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. காலியான ஊரில் புல்வெளியில் ஒரு பாதிக் கட்டிலில் ஒருவரும், வீட்டுக்குள் ஒரு பாதிக் கட்டிலில் ஒருத்தியுமாக அவர்கள் இருந்தார்கள். ஒன்பதாவது தடவை முடியும்போது இருவருக்கும் நடுவே பன்னிரண்டு மீட்டர்.

2018 அக்டோபரில் பத்தாவது தடவையாக வெளியேறினோம். எட்டாம் நாள் வடக்கிலிருந்து உறைகுளிர் இறங்கியது. மலை மெதுவானது. கோடு தரையைத் தொடப்போகிற நேரத்தில் மறுபடி மேலே திரும்பிற்று. எச்சரிக்கை சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது, வெள்ளிக்கிழமை வீடு திரும்பினோம். சனிக்கிழமை குளிர் உடைந்து ஈரப்பனி கொட்டியது. ரேடார் பனியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. உச்சியிலிருந்த கருவிகளின் கம்பங்களில் பனிக்கட்டி மூடி அவையும் ஊமையாயின. ஞாயிற்றுக்கிழமை கட்டில் தொண்ணூறு சென்டிமீட்டர் போயிற்று. திங்கட்கிழமை இரண்டு மீட்டர். அது வழியிலிருந்த சிவப்புத் திராட்சைப் புதரைச் சாய்த்துக்கொண்டு, ஒரு மனிதன் மெதுவாக நடப்பதுபோல் படகுத் துறையை நோக்கிப் போனதை நாங்களே பார்த்தோம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இங்குன் நீல நோட்டோடு அதன் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்து, கால்மணிக்கு ஒருமுறை அளந்தாள். பத்தரை மணிக்கு எழுந்தாள். நோட்டில் அவள் நீட்டிப் போட்ட கோடு அன்று பிற்பகல் மூன்றிலிருந்து மூன்றரைக்குள் தரையைத் தொட்டது.

அவள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எந்தக் கருவியின் அளவு என்று மேலதிகாரி கேட்டார். தரையில் எடுத்த அளவு என்றாள். எந்தத் தரை என்றார். அவளால் சொல்ல முடியவில்லை. கருவிகள் வேலை செய்யத் தொடங்கும்வரை பொறுக்கும்படி அவர் சொன்னார். அவர்மேல் தப்பில்லை, மலையை யாராலும் பார்க்க முடியவில்லை. இங்குன் தொலைபேசியைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். முதல் வீடு ஆமுண்டுடையது.

"பதினோராவது தடவையா?" என்றான் அவன், கதவில் சாய்ந்துகொண்டு. "ஆபீஸ் சொல்லுதா?"

"ஆபீஸ் சொல்லல."

"அப்புறம்?"

"கட்டில் சொல்லுது."

ஆமுண்ட் அவள் தோளுக்குமேல் புல்வெளியைப் பார்த்தான். கட்டில் இப்போது படகுத் துறையின் சரிவுக்கு வந்திருந்தது. "மொதல்லயே சொல்லக் கூடாதா," என்று முனகிவிட்டு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். "பூட்ஸ மாட்டு. இந்தத் தடவ நெசமாத்தான்." அலுவலகம் சொல்லாமல் படகு வராது. எல்லோரும் மேல்தோட்டத்துக்கு, நூற்றிருபது மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய ஆட்டுக் கொட்டகைக்கு ஏறினோம். நடக்க முடியாத மூன்று பேரை ஆமுண்ட் டிராக்டரில் ஏற்றினான். அவனை யாரும் அவ்வளவு வேகமாக ஓட்டிப் பார்த்ததில்லை. ஒன்றரை மணிக்கு ஆட்களை எண்ணினோம். முப்பத்தேழு. இங்குனைச் சேர்த்தால் முப்பத்தெட்டு. தூர்கில்ஸ் இல்லை.

குன்வோர் எங்களோடு மேலே வந்திருந்தாள். எண்ணி முடித்ததும் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினாள். இங்குன் பின்னால் ஓடினாள். கீழே போய்ச்சேர இரண்டு மணியாயிற்று. பனி நின்றிருந்தது, மேகம் மட்டும் மலையை மூடியிருந்தது. மேகத்துக்குள்ளிருந்து கல் உருளும் சத்தம் விடாமல் வந்தது. தூர்கில்ஸ் கட்டிலில் படுத்திருக்கவில்லை, அதன் ஓரத்தில் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். கட்டிலின் கால் ஒன்று தண்ணீரில் இருந்தது. இங்குன் பத்துக் காலடி தள்ளி நின்றாள். அங்கே பேசப்பட்டதை அவள் சொல்லித்தான் நாங்கள் அறிவோம்.

குன்வோர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பாதியில் அவள் உட்கார்வது பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"சொல்லு."

"அன்னிக்கு ஆடு கொறையல. நான் தப்பா எண்ணிட்டேன். மீட்பு ஆளுங்க போன மறுநாள் பட்டியில நின்னு எண்ணினேன். எண்பத்தி நாலும் இருந்துச்சு. நான்தான் ஒண்ணு கொறையுதுன்னு சொன்னேன். என் பேச்சக் கேட்டுத்தான் நீ அவன அனுப்புன. ஊரு உன்னப் பேசுனப்ப நான் வாயத் தொறக்கல."

கட்டில் ஒரு சாண் நகர்ந்தது. இரண்டு பேரும் அதோடு நகர்ந்தார்கள்.

"தெரியும்," என்றார் தூர்கில்ஸ்.

"என்ன தெரியும்?"

"அவன் போன அன்னிக்கு சாயங்காலமே நானும் எண்ணினேன். எண்பத்தி நாலு. அவனக் கூப்பிட ஓடுனேன். மேல ஏறறதுக்குள்ள மூடுபனி அடைச்சிருச்சு."

 இங்குன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு குன்வோர் கேட்டாள்: "அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ எப்படி இருந்திருப்ப?"

"இப்ப மட்டும் நல்லா இருந்தனா?"

 தூர்கில்ஸ் மலைப்பக்கம் பார்த்தார். "நான் வந்துட்டா அவன் தனியா போவான்," என்றார்.

"பதினோரு வருஷமா நான் தனியாத்தான் கெடந்தேன்," என்றாள் குன்வோர். குரல் உயரவில்லை என்று இங்குன் சொன்னாள். "அவன் பக்கத்துல நீ படுத்துகிட்ட. என் பக்கத்துல யாரு இருந்தா? எழுந்திரு."

தூர்கில்ஸ் எழுந்தார்.  அவள் அவர் அக்குளில் கைகொடுத்து நிறுத்தினாள். கட்டிலில் பட்டைப் பட்டையாகப் பின்னிய போர்வை கிடந்தது. இங்குன் அதை எடுத்துக்கொள்ளக் குனிந்தாள்.

"வுட்டுரு," என்றார் தூர்கில்ஸ். "அங்க குளிரும்." போர்வையைத் தலைமாடு வரைக்கும் இழுத்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினார். பிறகு மூவரும் ஏறத் தொடங்கினார்கள்.

மூன்று மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு சாய்ந்தவன் விழுந்தான். அப்போது அவர்கள் மேல்தோட்டத்துக்குக் கீழே கடைசித் திருப்பத்தில் இருந்தார்கள். முதலில் மேகம் உள்ளிழுத்துக்கொண்டதுபோல் கிழிந்து மலை தெரிந்தது. அதன் முன்பக்கம் முழுசாக, மரங்கள் நின்றது நின்றபடியே இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. காதால் கேட்டதைவிடக் காலால் கேட்டோம். ஃபியோர்டு கரையைவிட்டு விலகிற்று. நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்திராத கடல்தரையும், 1911இல் மூழ்கிய படகு ஒன்றின் விலா எலும்புகளும் தெரிந்தன. பிறகு தண்ணீர் எழுந்து வந்தது. ஸ்கார்விக்கில் அதன் உயரம் இருபத்தேழு மீட்டர் என்று பின்னால் அளந்தார்கள். இருபத்துமூன்று வீடுகளும், ஆமுண்டின் கடையும், பூட்டிய பள்ளிக்கூடமும் நான்கு நிமிஷத்தில் போயின. ஆமுண்ட் தன் கடை போவதைப் பார்த்துக்கொண்டே, சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்து, கொஞ்சநேரம் கையில் வைத்திருந்து, மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.   அலுவலகத்திலிருந்து அன்று நான்கு மணிக்கு எச்சரிக்கை சிவப்புக்கு மாறியதாகக் கைபேசிகள் அலறின.

மறுநாள் இறங்கிப் பார்த்தபோது ஹவ்னெஸ் வீடு இருந்த இடத்தில் அடித்தளக் கற்கள் மட்டும் இருந்தன. அவற்றின் நடுவே குன்வோரின் பாதிக் கட்டில் இருந்த இடத்தில் அப்படியே நின்றது, மெத்தையில் மட்டும் உப்பும் பாசியும். தூர்கில்ஸ் அதை ஒரு கையால் தூக்கினார். லேசாக வந்தது. அதை வைக்க வேறு வீடு இல்லாததால் அங்கேயே விட்டுவிட்டார்கள். ஊரை மறுபடி கட்டுவதில்லை என்று முடிவாயிற்று. முப்பத்தெட்டுப் பேரும் மூன்று ஊர்களுக்குப் பிரிந்தோம். அதற்குப்பின் எல்லோரும் ஒரே இடத்தில் கூடியது ஒரே ஒரு தடவைதான்.

அதற்குக் காரணமானது ஒன்பது நாள் கழித்து நடந்தது. சரிவை அளக்க இங்குன் பறக்கவிட்ட ஆளில்லாச் சிறு விமானத்தின் படத்தில், புதிய பாறைக் குவியலின்மேல், தண்ணீரிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், வீடளவு பெரிய இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கட்டில் தெரிந்தது. பாறைகள் இன்னும் அசைந்துகொண்டிருந்ததால் இருபது நிமிஷம் மட்டும் அனுமதி கிடைத்தது. காவலர், இங்குன், தூர்கில்ஸ், குன்வோர் நால்வரும் படகில் போய் இறங்கி ஏறினார்கள். அந்தப் பாதிக் கட்டில் சாயாமல் சமமாக நின்றது. போர்வை காய்ந்திருந்தது, ஓரங்கள் மெத்தைக்கு அடியில் செருகியபடி இருந்தன. அதன் கீழே சீவர்ட் ஒருக்களித்துப் படுத்திருந்தான். நீலமும் வெள்ளையுமாக அம்மா பின்னிய சட்டை, ஒரு காலில் பூட்ஸ், மற்றக் காலில் காலுறை மட்டும். பிளவின் அடியில் பனிக்கட்டிக்குள் கிடந்ததால் முகம் அவன் போன அன்று இருந்தபடியே இருந்தது. பத்தொன்பது வயதுக்கு மேல் ஒரு நாள் கூடச் சொல்ல முடியாது. குன்வோர் குனிந்து அவன் நெற்றி முடியை விரலால் ஒதுக்கினாள். தூர்கில்ஸ் காலுறை போட்ட பாதத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷம் முடிந்தது என்று சொல்ல வேண்டியவள் இங்குன். அவள் சொல்லவில்லை, காவலரும் கேட்கவில்லை. பிறகு அவனைப் போர்வையோடு சுற்றித் தூக்கிவந்தார்கள். கட்டிலைத் தூக்க முடியவில்லை.

அடக்கத்துக்கு முப்பத்தெட்டுப் பேரும் வந்தோம், ஓட்டல்காரர்களும் வந்தார்கள். ஆமுண்ட், தூர்கில்ஸின் கையைப் பிடித்து, ஊர் பேசிய பேச்சுக்காக ஏதோ சொல்லத் தொடங்கினான். தூர்கில்ஸ், "வுடு," என்றார். குன்வோரும் அவரும் இப்போது நகரத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரு சன்னலோரத்தில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். இங்குன் வடக்கே வேறொரு மலையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள்.

மாவட்டப் பதிவேட்டில் 2018 அக்டோபர் மலைச்சரிவு என்ற பக்கத்தில் சேதமான வீடுகள் இருபத்துமூன்று, இறந்தவர்கள் ஒருவர் என்று இருக்கிறது. அந்த ஒருவர் சீவர்ட் ஹவ்னெஸ், வயது பத்தொன்பது, இறந்த ஆண்டு 2007. கண்டெடுத்த இடம் என்ற கட்டத்தில் காவலர் சற்று யோசித்து, 'தகப்பனின் கட்டில்' என்று எழுதினார். பெற்றோர் இருவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.